சூசையப்பர் மேசையில் ஒரு பிரஷ்

மேசையிலிருந்து அந்த பிரஷ்ஷை எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ செய்ததுபோல எழுதினால் கிளியம்மாள் என் கடை வாசலில் வந்து நிற்பார். அவருக்குப் படிக்க வராது. ஆனால் யாரையாவது உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார்.

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. பம்மல் மெயின் ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பேப்பரில் நான் எழுதுவதெல்லாம் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்பதுதான். கிளியம்மாளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்று தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பங்குக் கோயில் பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். மே மாதம் முழுக்க மாதாவுக்கு உரியது என்பது எங்கள் வழக்கம். முதல் தேதி காலைப் பூசையில் மாதா சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, பூமுடி வைப்பார்கள். வெயில் என்னதான் கொளுத்தினாலும் அது பூக்காலம். மல்லி மலிவாகக் கிடைக்கும். கோயில் வாசலில் நிற்கிற மே ஃபிளவர் மரம் செக்கச்செவேலென்று கொட்டித் தீர்க்கும். வெள்ளை கவுன் போட்ட பெண்பிள்ளைகள் தட்டில் பூ ஏந்தி வருவார்கள். ரொம்ப வருஷம் அந்த நாள் என்றால் அவ்வளவுதான்.

அதே தேதி, மாதாவின் கணவரும் தச்சுத் தொழிலாளருமான சூசையப்பரின் திருநாளும்கூட. பதினைந்து வருஷத்துக்கு முன்பு இங்கே இருந்த ஒரு ஃபாதர் அதையும் சேர்த்துக்கொண்டார். உழைக்கிறவர்கள் அவரவர் கைச்சாமானைக் கொண்டுவந்து சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் மேசையில் வைக்க வேண்டும். பூசை முடிகிறபோது ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அந்த வருஷம் முழுக்க வேலையில் ஆபத்து வராது என்று நம்பிக்கை.

முதல் சில வருஷம் தோல் பதனிடுகிற ஷெட் ஆட்கள் சதை சீவுகிற கத்தியோடு வந்தார்கள். கொத்தனார்கள் கரண்டியோடு வந்தார்கள். இப்போது ஷெட்டுகளில் பாதி இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. பங்கு மக்களில் டீச்சர்களும் ஆபீஸ்காரர்களும்தான் அதிகம். மேசையில் லேப்டாப், ஸ்டெதாஸ்கோப், சாக்பீஸ் பெட்டி, கால்குலேட்டர். என்னைப்போல நாலைந்து பேர் இரும்பு கொண்டுபோவோம். மேசை போடுவதும் மைக்குக்கு ஒயர் இழுப்பதும் என் வேலை. எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது எட்மண்ட் சார்.

எட்மண்ட் சார் எங்கள் பங்குப் பேரவைச் செயலாளர். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிஸ்ட் எழுதாமல் தும்மக்கூட மாட்டார். வாசகம் வாசிக்கிறவர்கள் லிஸ்ட், பூ ஏந்துகிறவர்கள் லிஸ்ட், பொங்கல் பரிமாறுகிறவர்கள் லிஸ்ட். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என் சம்சாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் திரட்டிக்கொண்டு வந்து நின்றவர். அதனாலேயே அவர் ஒன்று சொன்னால் நான் யோசிக்காமல் செய்துவிடுவேன். அதுதான் வினையாகப் போயிற்று.

கிளியம்மாள் பிறந்தது பொழிச்சலூர்ப் பக்கம், கட்டட வேலைக்குப் போகிற குடும்பத்தில். பம்மல் ஷெட்டில் இருந்த லாசரைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கினார். கோயில் புத்தகத்தில் பெயர் டெபோரா. அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார். "யாரோ இங்கிலீஷ் டீச்சர கூப்புடற மாதிரி கீது" என்பார். ஷெட் மூடிய பிறகு லாசர் கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் காவல் வேலைக்குப் போய்விட்டார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது கிளியம்மாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவிய சம்பளத்தில்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரி. அதற்குள் கான்ட்ராக்ட் கம்பெனி நாலு மாறிவிட்டது. சேலைக்கு மேல் போடுகிற கோட்டு நீலம், பச்சை, மெரூன், சாம்பல் என்று நிறம் மாறும். ஒவ்வொரு கம்பெனி வரும்போதும் அவரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று எழுதிக்கொள்வார்கள். கடைசியாக வந்த கம்பெனி வேலை கற்றுக்கொடுக்க ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியது. அதை அவரே என் கடையில் சொன்னார்.

"'அக்கா, பிரஷ்ஷ இந்த ஆங்கிள்ல பிடிக்கணும்'னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. 'எனக்குப் புரியல கண்ணு, நீ ஒரு தபா கழுவிக் காட்டு'ன்னேன். போன் வந்துச்சுன்னு வெளிய போச்சு. இன்னும் வரல."

சாப்பாட்டு விஷயம் ஒன்று உண்டு. கழுவுகிற பெண்கள் கக்கூஸ் பக்கத்து நடையில்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். கிளியம்மாள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக முன் ஹாலுக்குப் போய், ஏசிக்குக் கீழே, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பைத் திறந்தார். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "நானும் பார்வையாளர்தான் சார். என் சோத்தப் பாக்க வந்துகீறேன்" என்றார். மறுவாரம் மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அந்த பிரஷ்ஷால்தான். அஞ்சு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். கம்பெனி கொடுக்கிற பிரஷ், கைப்பிடி ஒரு சாண்தான் இருக்கும்.

"அண்ணா, இதுக்கு நீட்டமா ஒரு பிடி போட்டுக் குடு."

"நான் மோட்டார் கட்டறவன்மா. பிரஷ் கடை அந்தாண்ட கீது."

"கரண்டு அடிக்கும்னா நீ எட்ட நிக்கறியா இல்லியா? ஆசிட் அடிச்சா நானும் எட்ட நிக்கணும் இல்ல?"

முழங்கை வரைக்கும் கையை நீட்டிக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. பழைய தழும்புக்கு மேல் புதுத் தழும்பு. ஒயர் இழுக்கிற முக்கால் இஞ்சு பைப்பை மூன்று அடிக்கு வெட்டி, சூடு காட்டிக் கைப்பிடியில் ஏற்றி, குறுக்கே போல்ட் போட்டு, காயில் கம்பியால் இறுக்கி முறுக்கினேன். கையில் தெறிக்காமல் இருக்க ஏதாவது வேண்டும் என்றார். பெயின்ட் டப்பா மூடியை நடுவில் ஓட்டை போட்டுப் பைப்பில் மாட்டினேன். வாளுக்குப் பிடி வைத்தமாதிரி ஆகிவிட்டது. கிளியம்மாள் அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரிப் பெண்கள் அஞ்சு பேர் வரிசையாக வந்து அதேபோல வாங்கிப்போனார்கள். நார் தேய்ந்தால் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பைப்பும் மூடியும் இன்றைக்கும் அதேதான்.

நான் சொல்லவந்தது இந்த வருஷத்து மே ஒண்ணு. இந்தப் பிப்ரவரியில் கிளியம்மாள் வேலையில் மயங்கி விழுந்தார். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். கதவு சாத்தியிருந்தது, புகை நெஞ்சை அடைத்துவிட்டது. அரைமணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. எழுந்து வந்த பிறகு அவர் தீர்மானம் பண்ணினார், இந்த வருஷம் தன் பிரஷ்ஷை மேசையில் வைத்து மந்திரித்துவிட வேண்டும் என்று.

முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் எட்மண்ட் சார் மரத்தடியில் பிளாஸ்டிக் மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். கிளியம்மாள் வரிசையில் நின்று வந்தார்.

"பேர் கிளியம்மா. சாமான் கக்கூஸ் பிரஷ்."

எட்மண்ட் சாரின் பேனா நின்றுவிட்டது. "என்னம்மா விளையாடறியா?"

"எனக்கு இன்னா சார் விளையாட்டு. எழுதுங்க."

"அது மாதாவுக்குப் பூமுடி வைக்கிற மேசைம்மா. பக்கத்துலயே பூ இருக்கும். பார்க்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"எங்க அப்பா வூட்டுல ஆயுத பூஜைக்குத் தொடப்பத்துக்கும்தான் பொட்டு வெப்பாங்க. யாருக்கும் ஒரு மாதிரி இல்ல."

"அது வேற, இது வேற." எட்மண்ட் சார் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே அவருக்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் யோசித்தார் என்று நினைக்கிறேன். "ஒண்ணு பண்ணலாம். உங்க வேலைக்கும் மரியாதை இருக்கணும், இல்லைன்னு சொல்லல. நாங்களே புதுசா ஒரு துடைப்பம் வாங்கி, நீட்டா அலங்காரம் பண்ணி வைக்கிறோம். உன் பேரையே எழுதிக்கறேன். சரியா?"

"அந்தத் தொடப்பம் எத்தினி ரூம் பெருக்கிச்சு?"

"அது அடையாளத்துக்கும்மா."

"அப்ப அடையாளத்துக்கு மந்திரிங்க. ஆசிட் என் கையிலதான் தெறிக்குது." சொல்லிவிட்டு நடந்துவிட்டார். எட்மண்ட் சார் லிஸ்டில் 'துப்புரவுப் பணி, துடைப்பம் ஒன்று' என்று எழுதினார்.

மே ஒண்ணு காலை ஐந்தரைக்கே போய் மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். இடது பக்கம் பூமுடிக்குப் பித்தளைத் தட்டு. வலது பக்கம் சாமான்கள். எட்மண்ட் சார் லிஸ்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினார். மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற ஜாய்சனின் லேப்டாப். டெய்லர் ஜெரூஷாவின் கத்திரிக்கோல். ஒரு டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப். என் கட்டிங் பிளேயர். ஓரத்தில் புதுப் பூந்துடைப்பம், கைப்பிடியில் தங்கக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி. அவர் அதைத் தள்ளி நின்று பார்த்து, ரிப்பனைச் சரிபண்ணிவிட்டு உள்ளே போனார்.

ஆறு மணிக்குக் கிளியம்மாள் வந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலை. ஆஸ்பத்திரிக்கு மே தினம் கிடையாது, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தோளில் வெள்ளைத் துண்டில் சுற்றிய பிரஷ். மூன்று நாள் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மொட்டை மாடி வெயிலில் காய வைத்ததாகப் பிறகு சொன்னார். துண்டை அவிழ்த்து, லேப்டாப்புக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

எட்மண்ட் சார் திரும்பி வந்தார். பார்த்தார்.

"இஞ்ஞாசி" என்று என் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். கண்ணால் வாசலைக் காட்டினார்.

நான் எடுத்தேன். நான் போட்ட போல்ட் உள்ளங்கையில் குத்தியது. வெளியே கொண்டுபோய், செருப்பு விடுகிற இடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். திரும்பினால் கிளியம்மாள் பின்னால் நிற்கிறார்.

"உன் கையாலதான செஞ்ச. உன் கையாலயே செருப்பாண்ட வெக்கறியாண்ணா?"

"சார் சொன்னாரும்மா."

"அவரு சொன்னா உன் மோட்டாரையும் செருப்பாண்ட வெப்பியா?"

ரோட்டில் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் சிவப்புக் கொடி கட்டி, ஸ்பீக்கரைப் போட்டு டெஸ்டிங் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிளியம்மாள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேசையில் வைக்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்று, மேலே இருந்த ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தார். ஜாய்சன் முதல் வரிசையில் இருந்தார்.

"தம்பி, இது உன் லேப்டாப்பா?"

"ஆமாக்கா."

"இதுலதான் வேலை பாக்கறியா?"

ஜாய்சன் தலையைச் சொறிந்தார். "இல்லக்கா. இது செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நல்ல லேப்டாப் மேல தண்ணி பட்டா ஆபீஸ்ல என்னைத் தூக்கிடுவாங்க."

"கத்திரிக்கோல்?"

"துருப் பிடிச்சிரும்னு பழசத்தான் கொண்டாந்தேன்க்கா" என்று ஜெரூஷா அங்கிருந்தே சொன்னார்.

கிளியம்மாள் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக் காட்டினார். காதில் மாட்டுகிற பக்கம் ரப்பர் கிழிந்து தொங்கியது. கடைசியாக என் பிளேயரை எடுத்தார். பதினைந்து வருஷமாக நான் கொண்டுபோய் வைப்பது அந்த வாய் உடைந்த பிளேயரைத்தான். நல்லதை வைத்தால் நனையும், யாராவது கிளப்பிக்கொண்டும் போய்விடுவான். நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். மேசை முழுக்க அதே கதை. எல்லோருக்கும் தீர்த்தம் வேண்டும், ஆனால் சாமான் நனையக் கூடாது. பதினைந்து வருஷம் சூசையப்பர் முன்னால் ஒருவரும் உருப்படியான சாமான் வைக்கவில்லை, ஒருவரும் அதை வெளியே சொல்லவுமில்லை.

"இதுவாண்ணா உன் பிளேயர்? என் பிரஷ்ஷுக்குக் கம்பி முறுக்கினியே, அது சேப்புப் பிடி."

அப்போது ஃபாதர் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார். இந்த ஜனவரியில்தான் வந்தவர், வயசு முப்பதைத் தாண்டாது. கிளியம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"சாமி, மேசை மேல காயலாங்கடைதான் கீது. நாளைக்கு வேலைக்குப் போற சாமான் இந்தக் கோயில்லயே இது ஒண்ணுதான். காலீல ஆறு மணிக்கு இது டூட்டில நிக்கும்."

பின் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எட்மண்ட் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கிளியம்மா, மாதாவுக்குப் பூமுடி வைக்கிற நேரத்துல இது என்ன பேச்சு?"

"மாதா வூட்டுக் கக்கூஸ யார் சார் கழுவினாங்க? சூசையப்பர் ஆள் வெச்சாரா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஃபாதர் எட்மண்ட் சாரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நோகாமல் ஒன்று சொல்லப் பார்த்தார். "அக்கா, பூசை முடியட்டும். உள்ள வாங்க, நான் தனியா மந்திரிச்சுத் தர்றேன்."

"தனியா வேணாம் சாமி. தனியாதான் இருபத்திரண்டு வருஷமா கழுவிக்கினு கீறேன். அரைமணி நேரம் தனியாதான் வுழுந்து கெடந்தேன். மந்திரிக்கறது எல்லாரோடவும் சேத்து மந்திரிங்க." பிறகு அவர் கையில் இருந்த தீர்த்தம் தெளிக்கிற கோலைக் காட்டி, "அதுவும் பிரஷ்தான" என்றார்.

மணி அடித்தார்கள். பூசை தொடங்கியது. கிளியம்மாள் உட்காரவில்லை. நடுப்பாதையில் முதல் தூண் பக்கம் பிரஷ்ஷை நட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் உட்காரும்போதும் நின்றார், முழங்காலிடும்போதும் நின்றார். இருநூறு முந்நூறு பேர் முதுகில் பார்ப்பது தெரியாதா? தெரியும். பெயின்ட் டப்பா மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

பிரசங்கத்தில் ஃபாதர் சூசையப்பரின் தச்சுப் பட்டறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு உட்கார முடியவில்லை. வெளியே வந்து வண்டியை எடுத்தேன். கடை ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய், சிவப்புப் பிடி பிளேயரை எடுத்தேன். இருபது வருஷமாகச் சோறு போடுகிற பிளேயர். திரும்பி வரும்போது காணிக்கைப் பாட்டு முடிந்திருந்தது. கிளியம்மாள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நேராக மேசைக்குப் போனேன். உடைந்த பிளேயரை எடுத்து மடியில் செருகிக்கொண்டு நல்லதை வைத்தேன். ரிப்பன் கட்டிய துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். பிறகு கிளியம்மாளிடம் போனேன்.

"வெச்சிடும்மா. எடம் கீது" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நான்தான் வெச்சேனே. அத எடுத்தது யாரு?"

"நான்தான்."

"எடுத்த கை வெக்கட்டும்."

பிரஷ்ஷை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தூணிலிருந்து மேசைக்குப் பத்தடி இருக்கும். அவ்வளவு தூரம் நடந்து எனக்குப் பழக்கமில்லை. எட்மண்ட் சார் மேசைத் துணியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ஞாசி, வேணாம்."

"சார், இது என் கைவேலை. இந்த மேசையில என் சாமான் வைக்க எனக்கு எடம் உண்டு இல்ல? லிஸ்ட்ல எழுதிக்கங்க. இஞ்ஞாசி, பிளேயர் ஒண்ணு, பிரஷ் ஒண்ணு."

வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். மறுபடி எடுக்க வேண்டுமென்றால் இந்தத் தடவை அவரே தொட வேண்டும். அவர் கை துணியைவிட்டு நகரவில்லை.

மந்திரிக்கிற நேரம் வந்தது. ஃபாதர் புத்தகத்தைப் பார்த்து ஜெபம் சொன்னார். தீர்த்தம் லேப்டாப்பில் விழுந்தது, கத்திரிக்கோலில் விழுந்தது, என் பிளேயரில் விழுந்தது, பிரஷ்ஷில் விழுந்தது. மற்றதுக்கு எவ்வளவோ அவ்வளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிளியம்மாள் அதற்கப்புறம்தான் முழங்காலிட்டார். வெள்ளை கவுன் பிள்ளைகள் வந்து பித்தளைத் தட்டைத் தூக்கினார்கள். மல்லிப்பூ ரெண்டு உதிர்ந்து மேசைமேல் கிடந்தது. மாதாவுக்குப் பூமுடி ஏறியது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பூசை முடிந்து மரத்தடியில் பொங்கலும் வடையும் கொடுத்தார்கள். கிளியம்மாள் பிரஷ்ஷைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டார். ஜாய்சன் பக்கத்தில் வந்து, "அக்கா, கலக்கிட்டீங்க" என்றார்.

"நீ அடுத்த வருஷம் வேலை செய்யறதக் கொண்டா. செத்ததுக்கு மந்திரிச்சா எழுந்து ஓடுமா?"

"கம்பெனிது அக்கா. நனைஞ்சா நீங்க வாங்கித் தருவீங்களா?" என்று அவர் நழுவிவிட்டார்.

எட்மண்ட் சார் சுவரோரம் கிடந்த புதுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தங்கக் காகிதம் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு வந்தவர்மாதிரி இருந்தார். "இந்தாம்மா. உன் பேர்ல வாங்கினது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

கிளியம்மாள் வடையை மென்று விழுங்கினார்.

"எனக்கு வேணாம் சார். கோயில் பின்னால கக்கூஸ் கீதே, அங்க கொண்டுபோய் வைங்க. பொங்கல் துன்னுட்டு எல்லாரும் அங்கதான் போறாங்க. ஒரு வருஷம் அது வேலை செய்யட்டும். தேஞ்சி வந்ததுன்னா அடுத்த மே ஒண்ணுக்கு மேசையில வெக்கலாம். நானே தூக்கி வெக்கறேன்."

"யாரும்மா அங்க பெருக்குவா?"

"அதுக்கு இன்னா சார். லிஸ்ட் போடுங்க. லிஸ்ட் போடறதுல உங்கள யாரு மிஞ்ச முடியும்."

எச்சில் இலையைத் தொட்டியில் போட்டுக் கைகழுவிக்கொண்டு வெளியே போனார். தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோ நின்றது. டிரைவர் துண்டுக்குள் என்ன என்று கேட்டிருப்பான்போல. "மந்திரிச்ச சாமான்டா, ஒதுங்கி உக்காரு" என்கிற குரல் மட்டும் எனக்குக் கேட்டது.

அந்த லிஸ்டை எட்மண்ட் சார் மூன்று மாதம் எழுதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கிளியம்மாள் பூசை முடிந்ததும் நேராகப் பின்பக்கம் போவார். துடைப்பத்தைத் தூக்கி நுனியைப் பார்ப்பார். "அப்பிடியே கீது" என்று எல்லோர் காதிலும் விழுகிறமாதிரி சொல்லிவிட்டுப் போவார். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கழிவறைப் பராமரிப்பு, வாரத்துக்கு ஒருவராக எட்டுப் பெயர். இதுவரை மூன்று பேர்தான் ஒழுங்காக வந்திருக்கிறார்கள். முதல் வாரம் என் பெயர். கடைசிப் பெயர் எட்மண்ட் சாருடையது, அவர் கையெழுத்திலேயே. அவர் வாரம் இன்னும் வரவில்லை. கிளியம்மாள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.